மூன்றாவது மாடிக்கு யார் ஏறுவது?

1896இல் பம்பாயைப் பிளேக் ஆட்டிப்படைத்தது. அதற்குப் பிறகு, 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்ட் தாதர், மாட்டுங்கா, சயான் பக்கம் புதிய தெருக்களை வகுத்தது. அகலமான சாலை, மரநிழல், காற்று வரும் ஜன்னல், இரண்டு மூன்று மாடிக் கட்டடம். லிஃப்ட் கிடையாது. ரயில்வேயிலும் கம்பெனிகளிலும் டைப்பிஸ்ட்டாக, குமாஸ்தாவாக வேலை தேடி வந்த தென்னிந்தியர்கள் மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றி இந்த வீடுகளில் ‘பகடி’ என்ற முன்பணம் கொடுத்துக் குடியேறினார்கள். இருபத்தைந்து வயதில் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறியவர்களுக்கு, எழுபத்தைந்தில் அதே படிகள் வாசலைப் பூட்டிய பூட்டாகிவிட்டன.

அன்றைய முதியவருக்குக் கீழே இறங்க ஒரு நாளில் நாலு காரணம் இருந்தது. காலையில் கோயில். பிறகு மார்க்கெட்: வாழை இலை, சேனை, அன்று அரைத்த காப்பிப்பொடி. மாதம் பிறந்தால் பென்ஷன் வாங்க பாங்க். சாயங்காலம் ஆஸ்திக சமாஜத்தில் உபன்யாசம், பஜனை சமாஜத்தில் நாமசங்கீர்த்தனம், இல்லையென்றால் கச்சேரி. 1952இல் தொடங்கிய ஷண்முகானந்த சபா, 1963இல் தன் பெரிய அரங்கைத் திறந்தது. 1990இல் அது தீயில் அழிந்து, 1998இல் மீண்டும் எழுந்தது. அந்த எட்டு வருஷமும் இந்தப் பேட்டை ரசிகர்களுக்கு ஒரு கை ஒடிந்த மாதிரிதான்.

பாட்டும் பஜனையும் மனசுக்கு இதம் என்பது உண்மை. ஆனால் அவற்றைவிடப் பெரிய காரியம் ஒன்று அங்கே நடந்தது. ஒருவர் வராவிட்டால் தெரிந்துவிடும். “மாமாவை ரெண்டு நாளாக் காணோமே” என்று பூக்காரர் கேட்பார். பக்கத்து நாற்காலிக்காரர் சபாவிலிருந்து திரும்பும்போது மூன்றாவது மாடிக்கு ஏறிக் கதவைத் தட்டுவார். தட்டியவர் மனோதத்துவம் படித்தவரில்லை. காப்பி குடித்தார், கால் மணி நேரம் பேசினார், மறுநாள் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போனார்.

இன்று பிள்ளைகள் தாணேயிலும் பெங்களூரிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கிறார்கள். பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக பில்டர் கைக்குப் போகின்றன. இடிக்கும்போது வாடகைக்கு எங்கோ போனவர்களில் பலர் திரும்பி வருவதில்லை. வந்தவர்களுக்கு லிஃப்ட் கிடைக்கிறது, எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரிவதில்லை. பென்ஷன் நேரே கணக்கில் விழுகிறது. காய்கறியை ஒரு பையன் வாசலில் வைத்துவிட்டுப் போகிறான். கச்சேரி கைப்பேசியில். இவை எல்லாமே முழங்கால் வலிக்காரருக்கு வசதிதான், நான் எதையும் பழிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வசதியும், இன்னொரு மனிதர் அவர் முகத்தைப் பார்க்கும் ஒரு தருணத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறது. மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிளிலும் காந்தி மார்க்கெட்டிலும் தண்ணீர் தேங்கிவிட்டால் எட்டிப்பார்ப்பவர்களும் இல்லை.

அன்று எல்லாம் நன்றாக இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். கோயில், சபா, பாங்க் என்று நான் எழுதிய நாள் பெரும்பாலும் ஆண்களின் நாள். அதே வீட்டின் பின்கட்டில் கணவனை இழந்த பாட்டி ஒருவேளை மட்டும் சாப்பிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தாள். வீடு அதை வைராக்கியம் என்று மெச்சியது. அவளுக்கு வந்தது மனச்சோர்வு என்ற நோய், அதற்கு மருந்து உண்டு என்று அன்று யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் குறையை இன்றைய மருத்துவம் தீர்த்திருக்கிறது. ஆனால் மருந்து இருக்கும் இடத்துக்கும் நோயாளிக்கும் நடுவே ஆள் இல்லை.

உலகில் முதியவர்களில் ஏறக்குறைய 6 சதவீதம் பேர் மனச்சோர்வு நோயோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் 2017-18இல் 72,000க்கும் மேற்பட்டவர்களைச் சந்தித்து நடத்திய லாசி என்ற முதுமை ஆய்வு இன்னும் வேதனையான ஒன்றைக் காட்டியது. அறுபது கடந்தவர்களில் 8.3 சதவீதம் பேருக்குக் கடுமையான மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. தங்களுக்கு அந்த நோய் கண்டறியப்பட்டதாகச் சொன்னவர்களோ 0.8 சதவீதம். பத்தில் ஒன்பது பேர் யார் கண்ணிலும் படவில்லை.

படாததற்கு ஒரு காரணம், வயதானவர்கள் “மனசு சரியில்லை” என்று வந்து உட்காருவதில்லை. இடுப்பு வலி, வாயு, மலச்சிக்கல், விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, பசியின்மை, மறதி என்றுதான் வருகிறார்கள். டாக்டர் அதற்கு ஒன்று இதற்கு ஒன்று என மாத்திரை எழுதுகிறார். தைராய்டு குறைவும், சைவ உணவுக்காரர்களிடம் அதிகம் காணும் பி12 சத்துக் குறைவும் இதே மாதிரி சோர்வைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம். காது கேட்காமல் போனவர் பேச்சைக் குறைத்துக்கொள்வதும் மனச்சோர்வில் போய் முடியலாம். “வயசானா அப்படித்தான்” என்ற நம் ஆறுதல் இத்தனையையும் மூடிவிடுகிறது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. கொங்கண் ரயில் ஏறினால் கோவா. அங்கே அமித் டயஸ், மும்பையில் பிறந்த விக்ரம் படேல் முதலியோர் அறுபது கடந்த 181 பேரிடம் ஒரு சோதனை நடத்தி 2019இல் முடிவை வெளியிட்டார்கள். லேசான அறிகுறி உள்ள அவர்களில் ஒரு பகுதியினரைப் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள் சந்தித்தார்கள். டாக்டர்கள் அல்ல. இன்றைய பிரச்சினை என்ன, அதில் முதலில் எதைத் தீர்க்கலாம் என்று சேர்ந்து யோசித்தார்கள். தூக்கத்துக்கு வழி சொன்னார்கள், அரசு உதவிகள் கிடைக்கக் கைகொடுத்தார்கள். ஒரு வருஷத்தில் இப்படிச் சந்திக்கப்பட்டவர்களில் 4.4 சதவீதம் பேருக்குத்தான் நோய் முற்றியது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 14.4 சதவீதம். நாற்காலிக்காரர் காப்பி குடித்தபடி செய்ததோடு பயிற்சியையும் ஒழுங்கையும் சேர்த்தால் அதுவே சிகிச்சை.

இதைச் செய்யும் தெம்பு இந்தப் பேட்டைக்கு உண்டு. இங்குள்ள மேம்பாலத்தின் அடியில் வண்டிகளும் குப்பையும் சேரவிடாமல் குடியிருப்போரே காவல் காத்து, 2016இல் சுமார் 600 மீட்டர் நீளமுள்ள நானாலால் மேத்தா பூங்காவைப் பெற்றார்கள். பாலத்தடிக்குக் காவல் நின்றவர்கள் மாடிகளுக்கும் முறைவைத்துப் போகலாம். சமாஜங்களும் சபாவும் வராத பழைய முகங்களின் பட்டியல் எடுக்கலாம்.

போகிறவர்கள் “பகவானை நினைச்சுக்கோங்கோ” என்று எழுந்துவிடாமல், தூக்கத்தையும் சாப்பாட்டையும் பற்றிக் கேட்கட்டும். பிடித்த விஷயங்களில் இரண்டு வாரமாக ஈடுபாடே இல்லையா என்று கேட்கட்டும். “இருந்து என்ன பிரயோஜனம்” என்று முதியவர் சொன்னால், சாகும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமென்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். அரசின் டெலி-மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.