உங்களுக்குத் தெரியுமா? செஞ்சிக் கோட்டையின் கதை அடிவாரத்தில்தான் இருக்கிறது

செஞ்சிக்குப் போகிறவர்களில் பலர் ராஜகிரி உச்சியைத் தொட்டுவிட்டு, கால்வலியோடு திண்டிவனம் பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். வழிகாட்டி இல்லாமலே நடந்து பார்க்க வேண்டியது கீழ்க்கோட்டை.

நாயக்கர் காலத்து வெங்கடரமணர் கோயிலில் தொடங்குங்கள். கோபுர வாசலில் நின்று ராமாயணச் சிற்பங்களை நிதானமாகப் பாருங்கள். 1750இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி கோட்டையைப் பிடித்தார். அதன்பின் இக்கோயிலின் தூண்கள் பல புதுச்சேரிக்குப் போய்விட்டன. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றனவே கருங்கல் தூண்கள், அவையும் செஞ்சியிலிருந்து போனவைதான்!

அடுத்து சாதத்துல்லா கான் பள்ளிவாசல். 1714இல் செஞ்சியை ஆண்ட ராஜா தேசிங்கைப் போரில் வென்ற ஆற்காட்டு நவாபின் பெயரில் 1717-18இல் எழுந்தது. தேசிங்கு புந்தேல ராஜபுத்திரர், தமிழரல்லர். ஆனாலும் நம் நாட்டுப்புறக் கதைப்பாடல் அவரைத் தத்தெடுத்துக்கொண்டது. அவருக்காக உயிர்விட்ட நண்பர் மகபத்கான் முஸ்லிம் என்பதையும் அந்தக் கதை பெருமையாகவே சொல்கிறது.

1677இல் சிவாஜி பிடித்த கோட்டை இது. அதனாலேயே 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 12 மராட்டியக் கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று. மற்ற 11உம் மகாராஷ்டிரத்தில்.

தெம்பிருந்தால் ஊருக்கு வடக்கே திருநாதர்குன்றுக்கும் போகலாம். ஒரே பாறையில் 24 சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்கள். 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்ற சமணத் துறவியைப் பற்றிய கல்வெட்டும் அங்கே உண்டு. தமிழ்ச் சமணர்களின் மடம் உள்ள மேல்சித்தாமூருக்கு மட்டும் நடையை நம்பாமல் பஸ் ஏறுங்கள்.