சத்தம் வராத கீபோர்டு: மிடி கண்ட்ரோலரை கம்ப்யூட்டருடன் இணைப்பது எப்படி?

புதிதாக மிடி கீபோர்டு வாங்கியவர்கள் பலர் முதல் நாளே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "லைட் எரிகிறது. ஆனால் கட்டையை அழுத்தினால் சத்தம் வரவில்லையே?" விடுமுறைக்கு விருத்தாசலம் போயிருந்தபோது என் தாய்மாமாவும் இதையே கேட்டார்.

மாமா அங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மை வார்ப்பவர். மார்கழி பஜனையில் ஹார்மோனியம் வாசிப்பார். பல வருடங்களாக மனதில் வைத்திருந்த மெட்டுகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று பணம் சேர்த்து, ஒரு பழைய லேப்டாப்பும் ஆன்லைனில் 49 கட்டை மிடி கண்ட்ரோலரும் வாங்கியிருந்தார். நான் போனபோது கீபோர்டு மறுபடியும் அட்டைப் பெட்டிக்குள் இருந்தது.

"நாளைக்குள்ள திருப்பி அனுப்பலைன்னா காசு போச்சு மாப்ளே. உன் அத்தை வேற ஏமாந்துட்டேன்னு சொல்லிக்கிட்டே இருக்கா."

பெட்டியைப் பிரித்துப் பார்த்தேன். கீபோர்டில் ஒரு குறையும் இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால், திருப்பி அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மிடி என்பது சத்தம் அல்ல

மிடி கண்ட்ரோலருக்குள் ஸ்பீக்கரும் இல்லை, சத்தத்தை உருவாக்கும் சாதனமும் இல்லை. அது அனுப்புவது செய்தியை மட்டுமே. நீங்கள் ஒரு கட்டையை அழுத்தினால் கம்ப்யூட்டருக்கு மூன்று பைட் அளவில் ஒரு தகவல் போகும். எந்தக் கட்டை என்பது 0 முதல் 127 வரையிலான ஓர் எண். நடு 'சி' கட்டையின் எண் 60. எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பதற்கு 1 முதல் 127 வரை இன்னோர் எண். இதை வெலாசிட்டி என்பார்கள். விரலை எடுத்ததும் 'விட்டாயிற்று' என்று மற்றொரு செய்தி போகும். அவ்வளவுதான்.

இதை மாமாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது அவரே சொன்னார். "அப்போ இது அச்சு. மண்ணை நாம தனியா ஊத்தணும்."

மிகச் சரி. பொம்மை செய்யும்போது பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சில் கூழாகக் கரைத்த களிமண்ணை ஊற்றுகிறார்கள். உருவம் அச்சில் இருக்கிறது. பொருள் மண்ணில் இருக்கிறது. மிடியும் அப்படித்தான். எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு நேரம் என்ற உருவத்தை மட்டும் அது தரும். பியானோ, புல்லாங்குழல் போன்ற ஒலியை கம்ப்யூட்டரில் உள்ள 'விர்ச்சுவல் இன்ஸ்ட்ருமென்ட்' என்ற சாப்ட்வேர் தர வேண்டும்.

இந்த முறை 1983-ல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒரு கம்பெனியின் கருவி சொல்வது மற்றொரு கம்பெனியின் கருவிக்குப் புரியாது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இக்குடாரோ காக்கேஹாஷி ஆகியோரின் முயற்சியால் பொது மொழி உருவானது. இதற்காக இருவருக்கும் 2013-ல் தொழில்நுட்ப கிராமி விருது கிடைத்தது. நம் ஊரில் 1986-ல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கே இளையராஜா கம்ப்யூட்டர் சீக்வென்சரைப் பயன்படுத்தினார். அன்று பெரிய ஸ்டுடியோவுக்கு மட்டும் கிடைத்த வசதி இன்று ஒரு சாதாரண லேப்டாப்பில் கிடைக்கிறது.

முதல் படி: கம்ப்யூட்டருக்குத் தெரிகிறதா?

கீபோர்டுடன் வந்த யுஎஸ்பி கேபிளை கம்ப்யூட்டரில் நேரடியாகச் செருகுங்கள். தற்போதைய கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றுக்குத் தனி டிரைவர் தேவையில்லை; விண்டோஸ் தானாகவே அடையாளம் காணும். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கண்ட்ரோலர்ஸ்' பிரிவைப் பாருங்கள். அங்கே கீபோர்டின் பெயர் இருந்தால் முதல் படி முடிந்தது. இல்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். போன் சார்ஜ் செய்யும் சில கேபிள்களில் மின்சாரம் மட்டுமே போகும், தகவல் போகாது. மாமா வீட்டில் கேபிள் சரியாகவே இருந்தது.

இரண்டாம் படி: எந்த சாப்ட்வேர்?

மாமா ஏற்கெனவே ஆடாசிட்டி இன்ஸ்டால் செய்து வைத்திருந்தார். நல்ல சாப்ட்வேர்தான். ஆனால் அது மைக் மூலம் வரும் ஒலியைப் பதிவதற்கானது. மிடி கீபோர்டு வாசிப்பைப் பதிவதற்கு அல்ல. பலர் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். நமக்குத் தேவை 'டிஜிட்டல் ஆடியோ ஒர்க்ஸ்டேஷன்' வகை சாப்ட்வேர். எல்எம்எம்எஸ் முற்றிலும் இலவசம். ஆப்பிள் கம்ப்யூட்டர் என்றால் காரேஜ்பேண்ட் இலவசம். நான் ரீப்பர் இன்ஸ்டால் செய்தேன். 60 நாட்கள் எல்லா வசதிகளுடனும் சோதித்துப் பார்க்கலாம். பிறகு லைசென்ஸ் வாங்க வேண்டும். பழைய கம்ப்யூட்டரிலும் வேகமாக இயங்கும்.

ரீப்பரைத் திறந்து 'ஆப்ஷன்ஸ்' மெனுவில் 'ப்ரிபரென்சஸ்' செல்லுங்கள். இடது பக்கப் பட்டியலில் மிடி எனத் தொடங்கும் பிரிவில் உங்கள் கீபோர்டின் பெயர் இருக்கும். அதில் ரைட் கிளிக் செய்து 'எனேபிள் இன்புட்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால் செய்தி வாசலிலேயே நின்றுவிடும்.

மூன்றாம் படி: மண்ணை ஊற்றுவது

'இன்சர்ட்' மெனுவில் 'விர்ச்சுவல் இன்ஸ்ட்ருமென்ட் ஆன் நியூ டிராக்' என்பதைக் கிளிக் செய்யுங்கள். வரும் பட்டியலில் 'ரியாசிந்த்' தேர்ந்தெடுங்கள். இது ரீப்பருடனேயே வருகிறது. புதிய டிராக்கில் சிவப்பு 'ரெக்கார்ட்' பட்டன் எரிகிறதா, இன்புட்டில் மிடி என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது கட்டையை அழுத்துங்கள்.

சத்தம் வந்தது. சமையலறையில் இருந்த அத்தையும் எட்டிப் பார்த்தார்.

ரியாசிந்தின் ஒலி விசில் போல எளிமையாக இருக்கும். சோதனைக்கு அது போதும். நல்ல பியானோ வேண்டுமென்றால் 'ஸ்போர்சாண்டோ' என்ற இலவச பிளேயரை இன்ஸ்டால் செய்து, அதில் 'சாலமாண்டர் கிராண்ட் பியானோ' என்ற இலவச ஒலித் தொகுப்பைத் திறக்கலாம். தொகுப்பு பெரியது, டவுன்லோடு செய்ய நேரம் ஆகும்.

தாமதம் என்னும் தலைவலி

மாமா இரண்டு வரி வாசித்துவிட்டு நிறுத்தினார். "நான் அமுக்கின பிறகு அது யோசிச்சுப் பாடுது மாப்ளே. இதை வெச்சு எப்படித் தாளத்துல வாசிக்கிறது?"

இந்தத் தாமதத்துக்கு 'லேட்டன்சி' என்று பெயர். ஆசையாக வாங்கிய கீபோர்டை மூலையில் போட வைப்பது பெரும்பாலும் இதுதான். இங்கே இரண்டு காரணங்கள் இருந்தன.

ஒன்று, ப்ளூடூத் ஸ்பீக்கர். ப்ளூடூத்தில் ஒலி வந்து சேர ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ ஆகலாம். பாட்டுக் கேட்க அது தொல்லை இல்லை; வாசிக்க உதவாது. ஒயர் உள்ள ஹெட்போன் போட்டேன். பாதிப் பிரச்னை தீர்ந்தது.

மற்றொன்று, விண்டோஸின் வழக்கமான ஆடியோ வழி. 'ஏஎஸ்ஐஓ4ஆல்' என்ற இலவச டிரைவரை இன்ஸ்டால் செய்து, ரீப்பரின் ப்ரிபரென்சஸில் 'ஆடியோ', 'டிவைஸ்' பிரிவுக்குச் சென்று 'ஆடியோ சிஸ்டம்' என்ற இடத்தில் 'ஏஎஸ்ஐஓ' தேர்ந்தெடுத்தேன். பிறகு அதன் செட்டிங்ஸ் விண்டோவில் 'பஃபர் சைஸ்' 256 என வைத்தேன். கணக்கு எளிது. ஒரு வினாடிக்கு 44,100 சாம்பிள் என்றால், 1024 சாம்பிள் பஃபருக்கு சுமார் 23 மில்லிசெகண்ட் ஆகும். 256-க்கு சுமார் 6 மில்லிசெகண்ட். மொத்தத் தாமதம் 10 மில்லிசெகண்டை ஒட்டி இருந்தால் பெரும்பாலோர் அதை உணர மாட்டார்கள். பஃபரை மிகவும் குறைத்தால் ஒலியில் 'கரகர' சத்தம் வரும். அப்படி வந்தால் ஒரு படி ஏற்றுங்கள். ஏஎஸ்ஐஓ இயங்கும்போது பிரவுசரில் பாட்டு கேட்காமல் போகலாம். பயப்பட வேண்டாம், ரீப்பரை மூடினால் சரியாகிவிடும்.

பதிவும் திருத்தமும்

கண்ட்ரோல் + ஆர் அழுத்தினால் பதிவு தொடங்கும். ஸ்பேஸ் பார் அழுத்தினால் நிற்கும். மாமாவின் முதல் பதிவில் சில ஸ்வரங்கள் ஓங்கியும் சில அமுங்கியும் கேட்டன. ஹார்மோனியத்தில் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது துருத்தி. விரலின் வேகம் அல்ல. இங்கோ விரலின் வேகமே சத்தம். ஹார்மோனியத்தில் இருந்து வருபவர்களுக்கு இது பழக நாளாகும்.

பதிவான பகுதியில் டபுள் கிளிக் செய்தால் ஒவ்வொரு ஸ்வரமும் சிறு கட்டமாகத் தெரியும். தவறான கட்டத்தை மவுஸால் மேலோ கீழோ இழுத்தால் ஸ்வரம் மாறும். அழுத்தத்தையும் கூட்டிக் குறைக்கலாம். தாளம் விலகியிருந்தால் 'க்யூ' கீயை அழுத்தி 'குவான்டைஸ்' செய்யலாம். ஆனால் எல்லாவற்றையும் நேராக்கிவிட்டால் வாசிப்பில் உயிர் இருக்காது. கமகத்துக்கு, கீபோர்டின் இடது ஓரத்தில் உள்ள 'பிட்ச் பெண்ட்' சக்கரத்தைப் பயன்படுத்துங்கள்.

திருத்தம் முடிந்ததும் 'பைல்' மெனுவில் 'ரெண்டர்' கொடுத்து எம்பி3 பைலாக மாற்றலாம். மாற்றிய பின் அந்த எம்பி3-யில் ஒரு ஸ்வரத்தை மட்டும் பிடித்து மாற்றுவது கடினம். எனவே ரீப்பர் புராஜெக்ட் பைலை அழிக்காமல் பென் டிரைவிலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். மாமா இதை உடனே புரிந்துகொண்டார். "சூளையில வெந்துட்டா மூக்கைத் திருத்த முடியாது. அச்சு கையில இருந்தா வேற பொம்மை வார்க்கலாம்."

மறுபடியும் சத்தம் வராவிட்டால்

வரிசையாக மூன்று இடங்களைப் பாருங்கள். கட்டையை அழுத்தும்போது டிராக்கில் உள்ள மீட்டர் அசையவே இல்லையா? செய்தி வரவில்லை; கேபிளையும் 'எனேபிள் இன்புட்' செட்டிங்கையும் பாருங்கள். வேறு புரோகிராம் கீபோர்டைப் பிடித்து வைத்திருந்தால் அதை மூடுங்கள். மிடி வருகிறது, ஆனால் ஒலி இல்லையா? டிராக்கில் இன்ஸ்ட்ருமென்ட் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஆக்டேவ்' பட்டன் தெரியாமல் அழுந்தியிருந்தாலும் ஸ்வரம் காதுக்கு எட்டாத அளவு கீழே போய்விடும். மாஸ்டர் மீட்டரும் அசைகிறதா? அப்படியானால் ஹெட்போன் அல்லது ஆடியோ டிவைஸ் செட்டிங்தான் காரணம்.

அன்று இரவு பதினொரு மணிக்கு மாமா தன் முதல் மெட்டைப் பதிந்து முடித்தார். மறுநாள் கூரியர் ஆள் வந்தபோது அத்தையே வாசலுக்குப் போய் "திருப்பி அனுப்பலை" என்று சொல்லிவிட்டார். உங்கள் கீபோர்டும் மௌனமாக இருந்தால் முதலில் இந்த மூன்று இடங்களையும் பாருங்கள்.