தண்ணீரில் நின்றபடி வாடும் செடி

வடகிழக்குப் பருவமழை இரண்டு நாள் விடாமல் கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் தலைகாட்டும்போது தோட்டத்தைப் பாருங்கள். பாத்தியில் தண்ணீர் தேங்கி நிற்கும். அதிலேயே நின்றுகொண்டு மிளகாயும் கத்தரியும் இலை தொங்கி வாடிக் கிடக்கும். கோடையில் காய்ந்து வாடும் செடிக்கும் இதற்கும் பார்வைக்கு வேறுபாடு தெரியாது. அதனாலேயே தொட்டிச் செடிக்கு மேலும் ஒரு குவளை ஊற்றிவிடுகிறோம். பிழைக்க இருந்த செடியும் போய்விடுகிறது.

அந்தச் செடிக்குத் தாகம் இல்லை. மூச்சு முட்டுகிறது. இலைகள் பகலில் ஆக்சிஜனை வெளியிட்டாலும் பெரும்பாலான தோட்டச் செடிகளில் அது வேர்வரை போதுமான அளவு வந்து சேர்வதில்லை. மண் துகள்களின் இடுக்குகளில் இருக்கும் காற்றை நம்பித்தான் வேர் வாழ்கிறது. மழைநீர் அந்த இடுக்குகளை நிரப்பிவிட்டால் கதவு சாத்தியது போலத்தான். காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிஜன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மிச்சமிருப்பதை வேர்களும் மண்ணின் நுண்ணுயிர்களும் ஓரிரு நாளில் தீர்த்துவிடும்.

ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து சுமார் 30 ஏடிபி (செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு) அளவுக்கு ஆற்றல் எடுக்கும் வேர்செல், அது இல்லாதபோது நொதித்தல் மூலம் 2 ஏடிபியோடு காலம் தள்ளுகிறது. செல்லுக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. வேர்செல்லின் சவ்வில் தண்ணீர் நுழைவதற்கென்றே ‘அக்வாபோரின்’ என்ற புரத வாயில்கள் உண்டு. இவற்றைக் கண்டறிந்ததற்காக பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஒன்றைக் காட்டினார்கள்: செல்லுக்குள் அமிலம் ஏறியதும் இந்த வாயில்கள் மூடிக்கொள்கின்றன. சுற்றிலும் வெள்ளம் இருக்க, வேர் தண்ணீரை உள்ளே விடுவதில்லை. இலை வாடுவதன் மர்மம் இதுதான்.

இதுவரை நடந்தது மூச்சுத்திணறல் மட்டுமே. அழுகல் இதற்கு அடுத்த கட்டம். மண்ணில் பைட்டோப்தோரா, பித்தியம் என்ற உயிரிகள் உறங்கிக் கிடக்கின்றன. பூஞ்சை என்றே அழைத்துப் பழகிவிட்டோம். உறவுமுறையில் அவை பழுப்புப் பாசிகளுக்கு நெருக்கமானவை. அந்த நீர்வாழ் மரபு மழையில் வெளிப்படுகிறது. ஈரம் கண்டதும் இரண்டு கசையிழைகள் கொண்ட வித்துகளை வெளிவிடுகின்றன. அவை உண்மையாகவே நீந்துகின்றன. திணறும் வேரின் நொதித்தலில் உண்டாகும் எத்தனால் வெளியே கசிகிறது அல்லவா, பைட்டோப்தோராவின் வித்துகள் அதை மோப்பம் பிடித்து வருகின்றன. எந்த வேர் நலிந்திருக்கிறதோ அதுவே தன் இருப்பிடத்தை அறிவித்துவிடுகிறது. மழைக்காலத்தில் இஞ்சிக் கிழங்கு மெத்தென்று அழுகுவதும், வெற்றிலைக் கொடிக்கால்கள் வாடிச் சரிவதும் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தின் வேலை.

நெல் மட்டும் எப்படித் தண்ணீரிலேயே வாழ்கிறது? அதன் தண்டிலும் வேரிலும் காற்றுக் குழல்கள் ஓடுகின்றன. இலையிலிருந்து வேர்நுனிவரை காற்று இறங்குகிறது. தக்காளியும் நீர் தேங்கினால் தண்டின் அடியில் புதுவேர் விட்டுப் போராடிப் பார்க்கும். பப்பாளிக்கு அந்த அவகாசம்கூடக் கிடைப்பதில்லை. இரண்டு நாள் தேக்கமே அதைச் சாய்த்துவிடும்.

ஆகவே சிகிச்சை என்பது வேருக்குக் காற்றைத் திருப்பித் தருவது. மழை விட்ட உடனே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும். தொட்டி என்றால் அடித்தட்டை எடுத்துவிட்டு, அடைத்த துளையைக் குத்தித் திறக்க வேண்டும். சேற்றில் இறங்கி மிதிப்பது மீதி இடுக்குகளையும் இறுக்கிவிடும். மண் கொஞ்சம் உலர்ந்து பதமானதும் மேலாகக் கொத்திவிட்டால் போதும்.

தொட்டிச் செடி இன்னும் தெளியவில்லையா? வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் பெரும்பாலும் வெளுத்து, உறுதியாக இருக்கும். அழுகியது பழுப்பாகி வழவழக்கும்; இழுத்தால் தோல் கழன்று நடுநரம்பு மட்டும் கையில் நிற்கும். அழுகிய வேர்களைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டி, போன வேருக்கு ஈடாக இலைகளையும் குறைத்து, மணல் கலந்த புதுமண்ணில் நட்டுச் சில நாள் நிழலில் வையுங்கள். நிலத்துச் செடிகளுக்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து வேரடியில் ஊற்றுவது வழக்கம். நீர் வடியாத மண்ணில் அதை ஊற்றிப் பயனில்லை. டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை நல்ல காவல்தான், ஆனால் அழுகிய வேரை அது மீட்காது. மழைக்கு முன்பே மக்கிய தொழுவுரத்தில் கலந்து இடுவது நல்லது. காப்பர் மருந்தோடு சேர்த்து இடக் கூடாது.

தண்டின் அடிப்பகுதியே சுற்றிலும் அழுகியிருந்தால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு செடியை வேரோடு அகற்றிவிட வேண்டும். அந்தக் குழியில் உடனே அதே பயிரை நடாதீர்கள். இந்த உயிரிகளின் தடித்த சுவர் கொண்ட வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். பிழைத்த செடிக்கும் உடனே யூரியா வேண்டாம். ஆற்றலற்ற வேரால் அதை எடுத்துக்கொள்ள முடியாது. புதுத்துளிர் வரட்டும், அதன் பிறகு இடலாம்.