குற்றாலத் தண்ணி போய்ச் சேரும் கடல்ல ஒரு புல்வெளி இருக்கு... அதை எப்படி எண்ணுறாங்க தெரியுமா?

ஐந்தருவியில தலையைக் கொடுத்துட்டு நிக்கிறீங்க. உங்க மேல விழுந்த தண்ணி அடுத்து எங்க போகும்? சிற்றாறாகத் தென்காசியைத் தாண்டி, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில கலந்து, அணைக்கட்டு, வயல், குளம்னு பிரிஞ்சதுபோக மிச்சம் புன்னைக்காயல்ல கடலைத் தொடும். அதுதான் மன்னார் வளைகுடா.

அந்த வளைகுடாவோட ஆழமில்லாத பகுதிகள்ல வளர்றதுதான் கடற்புல். பாசினு நினைச்சுடாதீங்க. வேர், இலை, பூ, விதை எல்லாமே உள்ள அசல் செடி. உலகம் முழுக்கவே சுமார் 60 வகைதான். மன்னார் வளைகுடா, பாக் விரிகுடாவுல மட்டும் பத்துக்கும் மேல இருக்கு.

சர்வே எப்படி நடக்கும்? கரையிலிருந்து ஆழத்தை நோக்கி மீட்டர் டேப்பை விரிப்பாங்க. குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை 50 செ.மீ சதுரச் சட்டத்தை தரையில வெச்சு, உள்ளே எத்தனை சதவிகிதம் புல் மூடியிருக்குனு கண்ணால மதிப்பிடுவாங்க. ஒருத்தர் 40 சொல்ல, பக்கத்துல நீந்துறவர் 60 சொல்லுவார். அதனால மாதிரிப் போட்டோக்களோட ஒப்பிட்டுத்தான் எழுதணும். வகை கண்டுபிடிக்கிறது இன்னும் நுணுக்கம். சைமோடோசியாவுல ரெண்டு வகை, பார்க்க ஒரே மாதிரி. இலை நுனி வழவழப்பா இருந்தா ரொட்டுண்டேட்டா, ரம்பப் பல் இருந்தா செருலேட்டா. கலங்கின தண்ணியில இதைப் பார்த்துச் சொல்றது சும்மா இல்ல பாஸ்!

கலங்கல்தான் புல்லுக்கும் வில்லன். கடல் மேல விழுற வெளிச்சத்துல சராசரியா 11 சதவிகிதமாவது கீழே வந்தாத்தான் அது பிழைக்கும். அதனால உப்பு, வெப்பம், மணலோட தன்மையோட தெளிவையும் அளக்கிறாங்க. கருவி ரொம்ப சிம்பிள்: கறுப்பு வெள்ளை வட்டத்தட்டைக் கயித்துல இறக்கி, எந்த ஆழத்துல கண்ணுக்கு மறையுதுனு குறிக்கணும்.

2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ மழை கொட்டுச்சே, ஞாபகம் இருக்கா? அப்படிப்பட்ட வெள்ளம் சேத்தையும் நன்னீரையும் சேர்த்துக் கடல்ல கொட்டும். புல்லு தாங்குச்சா இல்லையானு சொல்லணும்னா, வெள்ளத்துக்கு முன்னாடி அதே இடத்துல எடுத்த கணக்கு கையில இருக்கணும். அதான் ஒருதடவை எண்ணிட்டு விடாம, ஜி.பி.எஸ் புள்ளியைக் குறிச்சு, திரும்பத் திரும்ப அங்கேயே போறாங்க.

சர்வேல இன்னொன்னையும் தேடுவாங்க. புல்லுக்கு நடுவுல கோடு போட்ட மாதிரி வெறும் மணல் தெரிஞ்சா, ஆவுளியா மேய்ஞ்ச தடம்! ஒரு நாளைக்கு 30 கிலோவுக்கு மேல தின்னும் இந்தக் கடல் பசுவுக்காகத்தான், 2022-ல பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமா தமிழக அரசு அறிவிச்சது.