ஊர்ச் செய்தித் தளத்திற்கு விளம்பரக் கட்டணம்: எப்படிக் கணக்கிடுவது?

பேராவூரணி முதல் அதிராம்பட்டினம் வரை நம் பகுதிச் செய்திகளைத் தரும் இணையதளங்கள் பல ஆண்டுகளாக இயங்கி வருகின்றன. ஊரில் யார் வஃபாத் ஆனார்கள், மழை எப்படி, தேங்காய் விலை என்ன என்று துபையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மவர்கள் இவற்றைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார்கள். நடத்துபவர்கள் பெரும்பாலும் வேறு வேலை பார்த்துக்கொண்டே சொந்தக் காசைப் போடும் இளைஞர்கள். இரண்டு மூன்று வருடம் உற்சாகமாக ஓடும். பிறகு ஒரு நாள் ஆண்டுக் கட்டணம் கட்ட ஆளில்லாமல் தளம் நின்றுவிடும். ஊரின் பத்து வருடச் செய்திகளும் புகைப்படங்களும் அதோடு போய்விடும்.

இந்த நிலை வராமலிருக்க விளம்பர வருமானம் வேண்டும். ஆனால், "உங்கள் தளத்தில் விளம்பரம் போட எவ்வளவு?" என்று ஒரு கடைக்காரர் கேட்டால், "நீங்கள் பார்த்துக் கொடுங்கள் காக்கா" என்பதுதான் பலரின் பதிலாக இருக்கிறது. கட்டணத்தை முறையாகக் கணக்கிடும் வழியைப் பார்ப்போம்.

கூகுள் தருவது போதுமா?

2003-இல் தொடங்கப்பட்ட கூகுளின் ஆட்சென்ஸ் சேவை, 2018 பிப்ரவரியில்தான் தமிழ் மொழியை முறைப்படி ஏற்றுக்கொண்டது. தளத்தில் இடம் கொடுத்தால் விளம்பரத்தைக் கூகுளே கொண்டுவந்து போடும். கணக்கில் 100 டாலர் சேர்ந்த பிறகுதான் பணம் வங்கிக்கு வரும். முன்பு பெரும்பாலும் கிளிக்குக்குப் பணம் என்றிருந்த முறை, 2024 தொடக்கத்தில் விளம்பரம் காட்டப்படும் எண்ணிக்கைக்குப் பணம் என்று மாறியது. இதை ஆயிரம் காட்சிக்கு இவ்வளவு என்று கணக்கிடுவார்கள். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருந்து வரும் வாசகருக்குப் பொதுவாகக் கூடுதலாகக் கிடைக்கும். அங்குள்ள நிறுவனங்கள் விளம்பரத்திற்கு அதிகம் செலவிடுவதே காரணம்.

சிறிய தளத்திற்கு இந்த வருமானம் துணையாக இருக்குமே தவிர, செலவு முழுவதையும் தாங்காது. அரசு விளம்பரத்தையும் எதிர்பார்க்க முடியாது. மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட விதிகளின்படி, ஒரு இணையதளத்திற்கு மாதம் குறைந்தது 2.5 லட்சம் தனி வாசகர்கள் இருக்க வேண்டியிருந்தது. ஒரு தாலுகா அளவிலான தளத்திற்கு அது எட்டாத எண். ஆக, உள்ளூர் வணிகர்களிடமிருந்து நேரடியாகப் பெறும் விளம்பரமே அடிப்படை.

கட்டணம் செலவிலிருந்து தொடங்க வேண்டும்

ஒரு கணக்கிற்காக இப்படி வைத்துக்கொள்வோம். தளத்தின் முகவரி, சர்வர், இணைய இணைப்பு, செய்தி சேகரிக்கப் பெட்ரோல் எல்லாம் சேர்த்து மாதம் 12,000 ரூபாய். உதவிக்கு இருக்கும் தம்பிக்குச் சிறு ஊதியம் 6,000. மொத்தம் 18,000. கூகுளிடமிருந்து மாதம் 2,400 வருகிறது என்றால், மீதம் 15,600 ரூபாயை உள்ளூர் விளம்பரம் ஈட்ட வேண்டும்.

தளத்தில் ஆறு விளம்பர இடங்கள் இருக்கின்றன என்பதற்காக ஆறால் வகுக்கக் கூடாது. எல்லா மாதமும் எல்லா இடமும் விற்காது. நான்கு விற்கும் என்று எடுத்துக்கொண்டால், ஓர் இடத்திற்குச் சராசரியாக 3,900 ரூபாய். தளம் நஷ்டமில்லாமல் ஓட வேண்டுமானால் சராசரி இதற்குக் கீழே இறங்கக் கூடாது.

கடைக்காரருக்கு என்ன கிடைக்கிறது?

நமக்கு இவ்வளவு தேவை என்பதால் மட்டும் கடைக்காரர் கொடுத்துவிட மாட்டார். கொடுக்கும் காசுக்கு அவருக்கு என்ன கிடைக்கிறது என்று சொல்ல வேண்டும்.

அதே தளத்தின் பக்கங்கள் மாதம் 60,000 முறை திறக்கப்படுகின்றன என்போம். இது 60,000 பேர் அல்ல. ஒரே ஆள் பத்து முறை வந்திருக்கலாம். பக்கம் திறந்தாலும், கீழே இருக்கும் விளம்பரம் வரை பலர் போவதில்லை. விளம்பரத்தின் பாதியளவாவது திரையில் ஒரு விநாடி தெரிந்தால்தான் அது பார்க்கப்பட்டதாகும் என்பது விளம்பரத் துறையில் உலக அளவில் பின்பற்றப்படும் அளவுகோல். அப்படிப் பாதிதான் தேறுகிறது என்றால், கணக்கில் வருவது 30,000 காட்சிகள்.

அடுத்தது, வாசகர் எங்கே இருக்கிறார் என்பது. 60,000-இல் 40 சதவீதம் மட்டும் நம் பகுதியிலிருந்தும், மற்றவை வெளிநாட்டிலிருந்தும் வருகின்றன என்போம். பேராவூரணி கடைத்தெருவில் இருக்கும் பிரியாணிக் கடைக்கு ஷார்ஜாவில் இருப்பவர் விளம்பரத்தைப் பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அவருக்குப் பயன்படுவது 24,000-இல் பாதியான 12,000 காட்சிகள்தான். ஆனால் வீட்டுமனை, நகைக்கடை, விமான டிக்கெட், பள்ளிச் சேர்க்கை, திருமண மண்டபம் போன்றவற்றிற்கு அந்த வெளிநாட்டு வாசகர்தான் முக்கியம். பணம் அனுப்புபவரும் முடிவெடுப்பவரும் அவரே.

எனவே இரண்டு கட்டணங்கள் வைப்பது நியாயம். உள்ளூர் வாடிக்கையாளரை மட்டும் நம்பும் கடைக்கு 3,000 ரூபாய். வெளிநாட்டு வாசகரும் தேவைப்படும் தொழிலுக்கு 4,800. இரண்டிலும் இரண்டிரண்டு விற்றால் அதே 15,600 கிடைத்துவிடும். முதலாமவருக்கு ஒரு காட்சிக்கு 25 காசு, இரண்டாமவருக்கு 16 காசு ஆகிறது. ஒரு நோட்டீஸ் அச்சடித்து வீடுவீடாகக் கொடுக்க என்ன ஆகிறது என்பதோடு அவரே ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார்.

இந்தக் கட்டணத்தைத் தாளில் எழுதி எல்லோருக்கும் ஒன்றாக வையுங்கள். மாமா கடைக்கு ஒரு விலை, மச்சான் கடைக்கு ஒரு விலை என்று போனால், தெரியவரும் நாளில் இருவருமே வருத்தப்படுவார்கள். தள்ளுபடி கொடுப்பதானால் ரசீதில் முழுக் கட்டணத்தையும் போட்டு, கழித்ததையும் காட்டுங்கள்.

வாசகர் இலக்கு

இலக்கு வைக்கும்போது மூன்று சாதாரண மாதங்களின் சராசரியை எடுங்கள். ரமலான், தேர்தல், தேர்வு முடிவு மாதங்களை விட்டுவிடுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நம் தென்னந்தோப்புகளைச் சாய்த்ததைப் போன்ற நாட்களில், வெளிநாட்டில் இருப்பவர்கள் பதறிப்போய் ஊர்ச் செய்தியைத் தேடுவார்கள். அந்த எண்ணிக்கையைக் காட்டி ஆண்டுக் கட்டணம் கேட்பது ஏமாற்றுவதாகும்.

மாதம் 3 சதவீத வளர்ச்சி என்பது ஒரு சிறிய தளம் முயன்று பார்க்கக்கூடிய இலக்கு. 60,000 என்பது ஆறு மாதத்தில் சுமார் 71,600 ஆகும். இதற்குத் தடையாக இருப்பது பல நேரம் நாமே. முழுச் செய்தியையும் வாட்ஸ்அப் குழுவில் ஒட்டிவிட்டால் யாரும் தளத்திற்கு வரப் போவதில்லை. தலைப்பும் இரண்டு வரியும் இணைப்பும் போதும். பரபரப்புத் தலைப்பு வைத்து ஏமாற்றினால் ஒரு நாள் கூட்டம் வரும். மறுமுறை வர மாட்டார்கள். புதிதாக வருபவர் எண்ணிக்கையோடு, திரும்ப வருபவர் எண்ணிக்கையையும் மாதந்தோறும் குறித்து வாருங்கள்.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை

நண்பர்களையும் உறவினர்களையும் விட்டு விளம்பரத்தைக் கிளிக் செய்யச் சொல்வது ஒருவகைத் திருட்டு. கண்டுபிடித்தால் கூகுள் கணக்கையே முடக்கிவிடும். வாசகர் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வதும் அளவையில் மோசடி செய்வதும் ஒன்றுதான். அளவிலும் நிறுவையிலும் குறைப்பவர்களின் பெயராலேயே குர்ஆனில் 83-வது அத்தியாயம் அமைந்திருப்பதை நாம் அறிவோம்.

சூதாட்டம், மது, வட்டிக் கடன் போன்ற விளம்பரங்கள் வராமல் தடுக்க ஆட்சென்ஸ் அமைப்பிலேயே பிரிவு வாரியாக வசதி இருக்கிறது. தடுத்தால் வருமானம் கொஞ்சம் குறையலாம். அந்தக் குறைவையும் சேர்த்தே மேலே சொன்ன கணக்கைப் போட வேண்டும். மரண அறிவிப்புகளைத்தான் அதிகம் பேர் திறந்து பார்க்கிறார்கள் என்றாலும், அந்தப் பக்கங்களில் எந்த விளம்பரமும் வேண்டாம். ஒரு குடும்பத்தின் துயரத்திற்குப் பக்கத்தில் ஜவுளிக்கடைத் தள்ளுபடி இருப்பது அழகல்ல. விளம்பரதாரரிடம் சொல்லும் எண்ணிக்கையிலிருந்து அந்தப் பக்கங்களையும் கழித்துவிடுங்கள்.

விளம்பரம் கொடுக்கும் வணிகச் சகோதரர்களும் மூன்று கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். போன மாதம் எத்தனை பேர் வந்தார்கள்? அவர்களில் நம் பகுதியினர் எத்தனை பேர்? என் விளம்பரம் எந்த இடத்தில் வரும்? பதிலைக் கூகுள் அனலிட்டிக்ஸ் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் காட்டுபவரிடம் ஒரு வருடத்திற்கு ஒப்பந்தம் செய்யுங்கள். மாதம் 3,000 ரூபாய் என்று நான்கு பேர் உறுதியாகத் தந்தாலே, ஓர் ஊரின் செய்தித் தளம் மூடப்படாமல் நிற்கும், இன்ஷா அல்லாஹ்.