எட்ட நின்று எடுக்கும் படம்

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஊர்களுக்கு மேற்கே உயரும் மலைக்காடு 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாயிற்று. 2021 முதல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாகவும் விளங்குகிறது. அங்கே பறவைகளைப் படம்பிடிக்க விழைவோர் பீரங்கிபோல் நீண்ட டெலிபோட்டோ லென்ஸைச் சுமப்பதேன்? அருகே செல்லாதிருக்கவே.

இம்மலையில் வாழும் இருவாட்சியைப் பாருங்கள். முட்டையிடும் பருவத்தில் பெட்டை மரப்பொந்தினுள் புகுந்து, வாயிலை அடைத்து, அலகு நுழையுமளவு பிளவை மட்டும் விட்டுவைக்கும். வாரக்கணக்கில் அதற்கு ஆணே இரை கொணரும். மரத்தடியில் மனிதர் நின்றாலோ ஆண் அஞ்சி அப்பால் ஒதுங்கிவிடும். உள்ளே தாயும் குஞ்சும் பசித்திருக்கும். ஒரு படத்துக்கு இது மிகுந்த விலையன்றோ?

600 மில்லிமீட்டர் லென்ஸ், 50 மில்லிமீட்டர் லென்ஸைவிடப் பன்னிரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும்; கைநடுக்கத்தையும் அவ்வாறே பெருக்கும். ஆகவே முக்காலி வேண்டும். இல்லையேல் பாறைமேல் மணற்பையை வைத்து அதன்மீது லென்ஸைக் கிடத்தலாம். காலை வெயில் இலைகளினூடே இறங்கும்வரை பொறுத்திருக்கவும் வேண்டும்.

லென்ஸின் விலை கேட்டு மலைப்போர்க்கு ஒரு செய்தி: திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன் (1912–1996), பல பகுதிகளைத் தாமே பொருத்தி அமைத்த காமிராவைக் கொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே நம் நாட்டுக் காட்டுயிர்களைப் படமெடுத்தார்.