மானுக்கு எந்தத் தோட்டா? குக்கரைக் கேளுங்கள்

பள்ளிப்பட்டில் எங்கள் வீட்டு அடுப்பில் காலையில் ஒரு பக்கம் இட்லிக் குண்டான், மறுபக்கம் குக்கர். இரண்டிலும் வேலை செய்வது ஆவிதான். குண்டான் மூடி லேசாகத் தடதடக்கும். குக்கர் வெயிட்டோ எகிறிக் குதிக்கும். ஆப்பிரிக்க வேட்டை வீடியோ பார்த்துவிட்டுத் தம்பி மகன், "பெரியப்பா, இத்தனூண்டு மானுக்கு எந்தத் துப்பாக்கி?" என்றான். அடுப்பைக் காட்டினேன்.

முதலில் ஒன்று: நம் வெளிமானுக்கு எந்தத் துப்பாக்கியும் கிடையாது. கிண்டியிலும் கோடியக்கரையிலும் மேயும் அந்த மானை 1972 வனவிலங்குச் சட்டம் முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது. கேள்வி நமீபியா, தென்னாப்பிரிக்கா மாதிரி அனுமதி உள்ள நாடுகளுக்கு.

துப்பாக்கியும் ஒரு குக்கர். பித்தளை உறை பாத்திரம், வெடிமருந்து உள்ளே, வாயில் செருகிய குண்டு மூடி. மருந்து எரிந்து வாயுவாகி மூடியைக் குழல் வழியே தள்ளுகிறது. இலங்கைத் தமிழில் துப்பாக்கிக் குண்டுக்கு 'ரவை' என்றே பெயர். அதன் எடையை அளக்கும் 'கிரெயின்' அளவும் தானிய மணியிலிருந்து வந்ததுதான். சமையலறையை விட்டு நாம் அதிக தூரம் போகவில்லை.

காலிபர் என்பது அந்த மூடியின் அகலம் மட்டுமே. பலர் ஏமாறுவது இங்கேதான். .22 எல்ஆர், .223 ரெமிங்டன் என்ற தோட்டாக்கள் இரண்டிலும் குண்டின் பருமன் கிட்டத்தட்ட 5.7 மி.மீ. முதலாவது 150 ஜூல் ஆற்றலில் கிளம்பும், இரண்டாவது 1,700. மூடி ஒன்று, பாத்திரம் வேறு. குண்டின் எடை இரட்டித்தால் ஆற்றல் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகும். அதனால்தான் நமீபியச் சட்டம் ஜூல் கணக்குப் போடுகிறது: ஸ்பிரிங்பாக் மானுக்குக் குறைந்தது 1,350, கூடூ மாதிரிப் பெரிய மானுக்கு 2,700. அதற்குக் கீழே போனால் மான் விழாமல் போகலாம். காயத்தோடு புதருக்குள் ஓடி, மெல்லச் சாகலாம்.

11 கிலோ எடையுள்ள ஸ்டீன்பாக் என்னும் சின்ன மானுக்கு .223 தாராளம். ஆனால் தென்னாப்பிரிக்காவின் காரூ சமவெளியில் காற்று வீசும், தூரமும் அதிகம், அதன் 3.5 கிராம் குண்டு ஒதுங்கிப் போகும். அங்கே 1955-இல் வந்த .243 வின்செஸ்டர் நிதானமானது: 6.5 கிராம், நொடிக்கு 900 மீட்டர்.

அப்படியானால் எருமைக்கான .375 எடுத்தால்? கறிவேப்பிலை கிள்ள வெட்டரிவாளா என்றுதான் நானும் சிரித்தேன். ஆனால் கறிக்கு அதிகக் கேடு செய்வது பல நேரம் அந்தத் தடியன் அல்ல, வேகக்காரன்தான். மெல்லிய உறையுள்ள வேகக் குண்டு, காய்ந்த எண்ணெயில் விழுந்த தண்ணீர்த் துளி மாதிரி உள்ளே வெடித்துச் சிதறும். சுற்றிலும் கறி ரத்தம் கட்டிக் கறுத்துவிடும். நுனி விரியாத கெட்டிக் குண்டு, கோணி ஊசி சாக்கில் இறங்குவதுபோல ஒரு துளையோடு போய்விடும். தோலைப் பத்திரமாக எடுக்க நினைப்பவர்கள் சின்ன மானுக்கு இதையே தேடுகிறார்கள்.

எதை எடுத்தாலும் குறி முன்னங்காலை ஒட்டி, விலாவுக்குள் நுரையீரல் இருக்கும் இடம். கறிக்கடையில் நாம் நெஞ்செலும்பு கேட்டு வாங்குகிறோமே, ஏறக்குறைய அங்கேதான்: எலும்பு அதிகம், கறி கம்மி.